சந்தகைக்கு இரண்டு ஆள் வேண்டும்

காலை ஆறு மணிக்குக் கோவை ரேஸ் கோர்ஸ் பக்கம் போனால், பென்ஷன் வாங்கும் தமிழ்நாட்டை மொத்தமாகப் பார்த்துவிடலாம். சுமார் இரண்டரை கிலோமீட்டர் நடைபாதை. மகன் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூ, மார்கழியானால் குரங்குக் குல்லா, கையில் ஒரு குச்சி. குச்சி பாதி நாய்க்கு, பாதி கௌரவத்துக்கு. பேச்செல்லாம் ரத்தத்தைப் பற்றித்தான்.

"ஏனுங், மூணு மாசச் சர்க்கரை எவ்வளவுங் வந்துச்சு?"

"ஏழு புள்ளி ரெண்டுங்."

"அட, பரவால்லீங். எனக்கு எட்டைத் தொட்டுருச்சு."

முன்னொரு காலத்தில் பையன் வாங்கிய மார்க்கை இதே குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் கூடினால் பெருமை, இதில் குறைந்தால் பெருமை. நடை முடிந்ததும் அருகம்புல் சாறோ வாழைத்தண்டுச் சாறோ ஒரு டம்ளர். அப்புறம் பெஞ்சில் அரை மணி நேரம் அரசியல். ஏழரைக்கு வீடு திரும்பினால் மேஜையில் டிபன் தயார்.

நடையைக் குறை சொல்ல நான் வரவில்லை. தாராளமாக நடக்கட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளியானபோது, நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றார்கள். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். நடக்காமல் என்ன செய்வது? என் கேள்வி வேறு. அந்த ஏழரை மணி டிபனைச் செய்து வைத்தவர் யார்? அவருக்கு வயது என்ன?

அவருக்கும் அறுபதுதான். சில வீடுகளில் எழுபது. அவரும் சர்க்கரைக்காரர்தான். அவருக்கு மட்டும் ரிட்டயர்மெண்ட் ஆர்டரை யாரும் அடிக்கவில்லை.

தமிழ்நாட்டு அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆயிற்று. 2021-ல் 60 ஆயிற்று. அப்போது ஊரெல்லாம் விவாதம். இளைஞர்களுக்கு வேலை போச்சு என்றார்கள், அனுபவம் வீணாகக் கூடாது என்றார்கள். சமையலறையில் நிற்கும் அம்மாளுக்கு எத்தனை வயதில் ஓய்வு என்று எந்த அரசாணையிலும் ஒரு வரி கிடையாது. சரி, அரசாங்கத்தை விடுங்கள். வீட்டில் யாராவது கேட்டோமா?

இன்னும் மோசமான சங்கதி ஒன்று உண்டு. வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன அன்று வீட்டம்மாவுக்கு வேலை கூடுகிறது. முப்பத்தைந்து வருஷமாக அவர் எட்டரைக்கு டிபன் கேரியரோடு கிளம்பிப் போனால் சாயங்காலம்தான் வருவார். நடுவில் இருந்த ஏழெட்டு மணி நேரம் அவளுடையது. பழைய சோற்றைத் தின்பாள், துவைப்பாள், கொஞ்சம் கண்ணயர்வாள், பக்கத்து வீட்டில் போய் உட்காருவாள். இப்போது? பத்து மணிக்கு டீ. பதினொன்றுக்கு மோர். ஒரு மணிக்குச் சுடச்சுடச் சாப்பாடு. மூன்றரைக்குக் காபி. ஐந்து மணிக்குப் பழைய ஆபீஸ் நண்பர் வருவார், அவருக்குச் சர்க்கரை இல்லாமல் ஒரு காபி. ஓய்வு பெற்றவர் வீட்டில் அடுப்புக்கு ஓய்வில்லை.

இது ஏதோ என் கற்பனை என்று நினைக்காதீர்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிஷம். அதுவும் வீட்டு வேலை என்று ஏதாவது செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. துரும்பைக்கூட நகர்த்தாதவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

கோயம்புத்தூர்க்காரர்களான நமக்கு இதில் கூடுதல் வெட்கம் வேண்டும். 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தது இங்கேதான். சபாபதி என்பவர் 1955-ல் மாவாட்டும் கல்லுக்கு மோட்டார் பூட்டினார். அந்த வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கிறோம். ஆட்டுக்கல்லுக்கு ஓய்வு கொடுத்தோம். ஆட்டியவளுக்குக் கொடுத்தோமா? முன்பெல்லாம் இட்லி, தோசை என்பது நோம்பிக்கும் தீபாவளிக்கும் விருந்தாளி வந்தால்தான். கிரைண்டர் வந்தது, தினமும் தோசை கேட்டோம். மெஷின் மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரத்தையும் நாம்தான் தின்று தீர்த்தோம்.

இப்போது டாக்டர் சிறுதானியம் சாப்பிடச் சொல்லிவிட்டார். கம்பு, ராகி, சாமை. கூடவே கொள்ளு. நம் ஆத்தாக்கள் குத்திப் புடைத்துக் களைத்துப்போய், அரிசி கிடைத்ததும் அப்பாடா என்று விட்ட சமாச்சாரங்கள் எல்லாம் மருந்துச் சீட்டு வழியாகத் திரும்பி வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் டாக்டர் சொன்னது அவரிடம், செய்வது யார்? அவருக்கு ராகிக் களியும் கொள்ளு ரசமும். மகனுக்கு அரிசிம்பருப்புச் சோறு. பேரனுக்கு நூடுல்ஸ். அவருக்கு பி.பி. என்பதால் உப்புக் குறைத்து ஒரு பொரியல், மற்றவர்களுக்கு உப்புப் போட்டு இன்னொரு பொரியல். இவர் பத்தியம் இருக்கிறார் என்று ஊரே பாராட்டுகிறது. பத்தியம் சமைக்கிறவள் மிஞ்சியதைத் தின்கிறாள். மூன்று பாத்திரத்திலும் மிஞ்சியதை.

ஊருக்குத்தானே உபதேசம் என்று நீங்கள் நினைப்பதற்குள் என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சாயங்காலம் என் மனைவிக்குத் தலைசுற்றல், வேர்வை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டியூட்டி டாக்டர் சின்னப் பெண். "அம்மா என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று கேட்டார். "வெள்ளையா, சின்னதா ஒண்ணுங்க" என்றேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை வருஷமா பி.பி. இருக்கு?" தெரியவில்லை. "ஏதாச்சும் மருந்து ஒத்துக்காதா?" தெரியவில்லை. கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தவள் முனகினாள். "அவுங்களுக்கு எட்டு மணிக்கு ஊசி போடோணுங். ஃபிரிட்ஜ் கதவுல இருக்குது. போட்டுட்டு அரை மணி நேரத்துல சாப்பிடோணும்." டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். பெரிதாக ஒன்றுமில்லை என்று மறுநாள் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தேடினேன். என்னுடைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் வருஷவாரியாக பிளாஸ்டிக் ஃபைலில் இருந்தன, மேலே மார்க்கரால் தேதி எழுதி. எழுதியது அவள். அவளுடையது நகைக்கடைத் துணிப்பையில் இரண்டு சீட்டு. கடைசியாக ரத்தம் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது. நான் ஆறு மாதத்துக்கொரு முறை 'ஃபுல் பாடி' செக்கப் பண்ணிக்கொண்டிருந்தேன். பாதி உடம்பை வீட்டில் விட்டுவிட்டு.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று தமிழ்நாடு அரசு ஒரு திட்டம் தொடங்கியது. வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற ஏற்பாடு. அப்படி வாசலுக்கே வந்த பெண்ணிடமும் "எனக்கொண்ணும் இல்லீங், அவுங்களுக்குப் பாருங்" என்று சொல்லி ஒதுங்குகிற அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். அரசாங்கம் வாசல் வரைக்கும் வரும். அவளை வாசலுக்கு அழைத்துவர வேண்டியது யார்?

பொழுதுபோக்குக்கு வருவோம். ரிட்டயர் ஆனவர்களுக்கு என்னென்ன பொழுதுபோக்கு! சிங்காநல்லூர்க் குளத்தில் பறவை பார்க்கிறார் ஒருவர், கழுத்தில் பைனாகுலர். பழைய நாணயம் சேர்க்கிறார் இன்னொருவர். மொட்டை மாடியில் தோட்டம் போடுகிறார் மூன்றாமவர். பாகற்காய் காய்த்தால் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்புகிறார். நாற்பது பேர் கைதட்டுகிறார்கள். அந்தப் பாகற்காயை அரிந்து, கசப்பு எடுத்து, பொரியலாக்கியவளை யார் படம் பிடித்தார்கள்?

அவளிடம் கேளுங்கள், உனக்கென்ன பொழுதுபோக்கு என்று. "எனக்கென்னங், டி.வி. பார்ப்பனுங்" என்பாள். உற்றுக் கவனியுங்கள். கண் சீரியலில் இருக்கும், கை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும். இல்லையென்றால் அவரைக்காய் நார் எடுக்கும். மில்லில் இதற்கு ஓவர்டைம் என்று பேர்.

மகள் அமெரிக்காவில் இருந்தால் கதை இன்னும் விசேஷம். பிரசவத்துக்கு அம்மா போவாள், சுற்றுலா விசாவில். ஆறு மாதம் சமைத்து, பிள்ளை குளிப்பாட்டி, துணி மடித்து, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அருவி பார்த்துவிட்டுத் திரும்புவாள். இங்கே ஐயா தனியாக இருக்கிறார், பாவம் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் உச்சுக் கொட்டியிருப்பார்கள்.

இதையெல்லாம் சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள்.

முதல் பதில்: "முப்பத்தஞ்சு வருஷம் உழைச்சிருக்கேனுங்." மறுக்கவில்லை. அவளும் அதே முப்பத்தைந்து வருஷம் உழைத்தாள். கேஷுவல் லீவ் இல்லாமல், இன்கிரிமெண்ட் இல்லாமல், தீபாவளி போனஸ் இல்லாமல், கிராஜுவிட்டி இல்லாமல். நம் ஊர் மில் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்நாளெல்லாம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவருக்கு வருங்கால வைப்பு நிதிப் பென்ஷன் மாதம் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். இது ஒரு பென்ஷனா என்று அவர்கள் கொதித்துப் போராடியது நூற்றுக்கு நூறு நியாயம். அந்த மில்காரர் ராத்திரி ஷிப்ட் போகும் முன் எழுந்து சோறு கட்டிக் கொடுத்தாளே, அவளுக்கு அந்த ஆயிரமும் இல்லை. 2023 செப்டம்பரில் மகளிருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று தமிழ்நாட்டில் தொடங்கினார்கள். அதற்கு 'உதவித் தொகை' என்று பேர் வைக்காமல் 'உரிமைத் தொகை' என்று வைத்தார்கள். திட்டத்தைப் பற்றி ஆயிரம் அரசியல் பேசலாம். அந்தச் சொல் சரியான சொல். அதை இலவசம் என்று கேலி பேசிய பெஞ்சுகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அவள் இலவசமாகச் செய்த வேலையைத் தின்று வளர்ந்த உடம்போடு.

இரண்டாவது பதில்: "அவளே என்னை அடுப்படிக்குள்ள விட மாட்டேங்கறாளுங்." ஏன் விடுவாள்? ஒரு நாள் உள்ளே போய் ஆம்லெட் போடுவீர்கள். ஏழு பாத்திரத்தை அழுக்காக்குவீர்கள், அடுப்பைத் துடைக்க மாட்டீர்கள். "எப்படி இருக்குது?" என்று எட்டு முறை கேட்பீர்கள். வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு வருஷம் புரொபேஷன் இருந்தீர்களே, அது மாதிரி இங்கேயும் இருங்கள். முதல் ஆறு மாதம் பாத்திரம் கழுவுங்கள். அப்புறம் காய் அரியுங்கள். கன்ஃபர்மேஷன் அவள் கொடுப்பாள்.

மூன்றாவது பதில்: "மருமக வந்துட்டாளுங், இனி அவ பார்த்துக்குவா." அந்தப் பெண் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்குத் திரும்புகிறது. மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்குக் கரண்டி போவதற்குப் பேர் ஓய்வு இல்லை, டிரான்ஸ்ஃபர்.

நான்காவது பதில்தான் ஆபத்தானது: "அவளுக்கு அதுலதானுங் சந்தோஷம்." இருக்கலாம். நமக்கும் ஆபீஸ் போவதில் சந்தோஷம் இருந்தது. அதற்காக சம்பளமும் லீவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோமா?

இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததல்ல. ஜப்பானில் நோபுவோ குரோகாவா என்றொரு டாக்டர். நடுத்தர வயதைத் தாண்டிய பெண்கள் தலைவலி, வயிற்றுப்புண், தூக்கமின்மை என்று அவரிடம் வந்தார்கள். எதனால் என்று பார்த்தால், புருஷன் ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்ததுதான் காரணம். 1991-ல் அதற்கு ஒரு பெயரே வைத்தார், கணவன் வீட்டிலிருப்பதால் வரும் நோய் என்ற பொருளில். அந்த மாதிரிப் புருஷனுக்கு ஜப்பானியப் பெண்கள் வைத்த பட்டப்பெயர் 'ஈரச் சருகு'. விளக்குமாற்றால் தள்ளினாலும் போகாது, ஒட்டிக்கொண்டே இருக்கும். விவாகரத்தானால் கணவர் பென்ஷனில் பாதி வரை மனைவிக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்ற ஏற்பாடும் அங்கே 2007-ல் வந்தது. நம் பெண்கள் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் நாம் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தைரியமும் ரொம்ப நாள் நிற்காது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்புச் சொன்னார். கணவர் வருஷக்கணக்கில் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சரிபாதி உண்டு என்பது தீர்ப்பு. கணவரின் எட்டு மணி நேர வேலையைவிட, விடுமுறையே இல்லாமல் நாள் முழுக்க ஓடும் மனைவியின் வேலை எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல என்று விளக்கமும் சொன்னார். சொத்தில் பாதி என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. வேலையில் பாதி என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி எல்லாம் வேண்டாம். நாலே காரியம். அவளுடைய மாத்திரைகளின் பேர், அளவு, நேரம் இந்த வாரத்துக்குள் உங்களுக்கு மனப்பாடம் ஆக வேண்டும். அடுத்த செக்கப் அவளுக்கு முதலில், உங்களுக்கு அப்புறம். மூன்று வேளையில் ஒரு வேளை முழுக்க உங்களுடையது. முழுக்க என்றால் முழுக்க. இன்றைக்கு என்ன செய்வது என்று யோசிப்பதிலிருந்து பாத்திரம் கவிழ்ப்பது வரை. "என்ன செய்யட்டும்?" என்று அவளைக் கேட்டால் பாதி வேலை மறுபடி அவள் தலையில். நாலாவது, காலை நடைக்கு அவளையும் அனுப்புங்கள். ரேஸ் கோர்ஸில் பெண்களும் நடக்கிறார்கள். ஆனால் கவனியுங்கள், நடை முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறவர்கள் யார், வீட்டைப் பார்த்து ஓடுகிறவர்கள் யார் என்று.

இதெல்லாம் நம் வழக்கத்தில் இல்லை என்று சொல்லாதீர்கள். இருந்தது. கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்குச் சந்தகை தெரியும். அரிசியை ஊற வைத்து ஆட்டி, இட்லி மாதிரி அவித்து, சூடு ஆறுமுன் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் இறுகிவிடும், பிழிய வராது. ஒருத்தி அவித்து எடுத்துப் போட்டால் இன்னொருவர் பலம் கொண்ட மட்டும் அழுத்த வேண்டும். ஒற்றை ஆள் செய்கிற பலகாரமே இல்லை அது. தண்ணீர்ச் செம்பைக்கூட எடுத்து வைக்காத எங்கள் அப்பாரு, சந்தகை அன்றைக்கு மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிடுவார். அவருடைய கௌரவம் ஒன்றும் குறையவில்லை. நம் காலத்தில்தான், சின்ன அச்சு வந்ததும் அந்த வேலையும் அவள் ஒருத்தி கைக்கே போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சந்தகை. அவளுக்குத் தோள்பட்டை வலி, கையை மேலே தூக்க முடியவில்லை. நான் பிழிந்தேன். ஆறு ஈடு பிழிவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. இத்தனை வருஷம் இதை அந்தத் தோளை வைத்துக்கொண்டா செய்தாள் என்று அப்போதுதான் உறைத்தது. முதல் தட்டில் தேங்காய்ப் பால் ஊற்றி, வெல்லம் போட்டு அவளிடம் நீட்டினேன். "நீங்க சாப்பிடுங், எனக்கு அப்புறம்" என்றாள். கேட்கவில்லை. உட்கார வைத்தேன். ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "கல்யாணமாயி நாப்பது வருஷத்துல சந்தகையைச் சூடாத் தின்னது இன்னிக்குத்தானுங்."

உங்கள் வீட்டில் கடைசியாக எப்போது சூடாகச் சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு அப்புறம் நடக்கப் போங்கள்.